ரியாக்ட் நேட்டிவ் ஆப்ல ஸ்கிரீன் நேவிகேஷன்: ரியாக்ட் நேவிகேஷனா, எக்ஸ்போ ரவுட்டரா, விக்ஸா?

ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோடை வச்சு ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டுக்கும் ஆப் கட்டற ரியாக்ட் நேட்டிவ்ல ஆப் ஆரம்பிச்சா முதல் வாரத்துலயே இந்த கேள்வி வந்துடும், ஏன்னா ஒரு ஸ்கிரீன்ல இருந்து இன்னொரு ஸ்கிரீனுக்கு போற வேலைய ரியாக்ட் நேட்டிவ் தானா செஞ்சு குடுக்காது. 2015ல அது ஓப்பன் சோர்ஸா வந்தப்போ உள்ளேயே நேவிகேட்டர், நேவிகேட்டர்ஐஓஎஸ்னு சில கம்போனென்ட் இருந்துச்சு, அப்புறம் நேவிகேஷன்எக்ஸ்பெரிமென்டல்னு ஒண்ணு வந்துச்சு, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துட்டாங்க. இன்னிக்கு நடைமுறையில மூணு வழிதான் இருக்கு: ரியாக்ட் நேவிகேஷன், அதுக்கு மேலயே எக்ஸ்போ (ரியாக்ட் நேட்டிவ் ஆப் கட்ட உதவற டூல் தொகுப்பு) கட்டின எக்ஸ்போ ரவுட்டர், விக்ஸ் கம்பெனி வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் நேவிகேஷன். பேரு ரெண்டு ஒரே மாதிரி இருக்கறதால இந்த கட்டுரை முழுக்க மூணாவதை விக்ஸ்னே சொல்றேன்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். புது ஆப், எக்ஸ்போவுல ஆரம்பிக்கறீங்க, வெளியில இருந்து லிங்க்கோ நோட்டிஃபிகேஷனோ வந்து உள்ள இருக்கற ஒரு ஸ்கிரீனை திறக்கணும்னா எக்ஸ்போ ரவுட்டர். ஏற்கனவே ஓடிட்டு இருக்கற ஆப், இல்ல ஆளுக்கு ஏத்த மாதிரி ஸ்கிரீன் மாறிட்டே இருக்கற ஆப்னா ரியாக்ட் நேவிகேஷன். விக்ஸ் ஏற்கனவே உள்ள இருக்கற ஆப்னா அதை அப்படியே பராமரிங்க, புதுசா எடுக்க எனக்கு காரணம் தெரியல. ஆனா இந்த முடிவுக்கு எப்படி வந்தேங்கறதுதான் முக்கியம், ஏன்னா உங்க ஆப் வேற மாதிரி இருந்தா உங்க முடிவும் மாறும்.

பெரும்பாலும் ஆளுங்க ஒப்பிடறது எது ஈஸி, எதுக்கு கிட்ஹப்ல ஸ்டார் அதிகம், எதுல கோடு கம்மிங்கறதைத்தான். ஆப் உள்ள ஒரு பட்டனை தட்டினா அடுத்த ஸ்கிரீன் வர்றது மூணுலயும் அரை மணி நேர வேலைதான், அதுல வித்தியாசமே கிடையாது. வித்தியாசம் தெரியறது ஆள் வெளியில இருந்து உள்ள வரும்போது. ஒரு ஜவுளிக்கடை ஆப்னு வச்சுக்குவோம். அக்கா ஒரு சேலையோட லிங்க்கை குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல போடறாங்க, தங்கச்சி அதை தட்டறாங்க, ஆப் திறந்து அந்த சேலை வருது. இப்போ தங்கச்சி பேக் தட்டினா என்ன ஆகணும்? கடையோட முகப்புக்கு போகணும். பாதி ஆப்புங்கள்ல அப்படி போகாது, ஆப்பே மூடிடும், ஏன்னா அந்த சேலை ஸ்கிரீனுக்கு கீழ ஸ்டாக்ல, அதாவது ஸ்கிரீனை ஒண்ணு மேல ஒண்ணா வைக்கற அடுக்குல, ஒண்ணுமே இல்ல. இந்த ஒரு விஷயத்தை எந்த லைப்ரரி எவ்ளோ தூரம் பார்த்துக்குதுங்கறதை வச்சுதான் நான் எடை போடறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. லைப்ரரி எதுன்றதை விட நேட்டிவ் ஸ்டாக்கா ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாக்காங்கறதுதான் ஆப் பயன்படுத்தறவங்க கண்ணுக்கு தெரியற முடிவு, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. ரியாக்ட் நேவிகேஷன்ல ஸ்டாக் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின ஸ்டாக்: ஹெடர், சைடுல இழுத்தா பின்னாடி போறது, அனிமேஷன் எல்லாமே ஃபோனோட சொந்த நேவிகேஷன் மாதிரி தெரியற மாதிரி திரும்ப வரைஞ்சது. இன்னொண்ணு நேட்டிவ் ஸ்டாக்: சாஃப்ட்வேர் மேன்ஷன் கம்பெனி பராமரிக்கற ரியாக்ட் நேட்டிவ் ஸ்கிரீன்ஸ் லைப்ரரி வழியா ஃபோனோட சொந்த நேவிகேஷனையே, ஐபோன்ல நிஜமாவே யூஐநேவிகேஷன்கன்ட்ரோலரையும் ஆண்ட்ராய்டுல ஃபிராக்மென்டையும் வச்சு ஓடறது. ஐபோன்ல பெரிய டைட்டில் ஸ்க்ரோல் பண்ணா சுருங்கறது, ஹெடருக்குள்ள தேடல் பெட்டி, பேக் பட்டனை அழுத்திப் பிடிச்சா பழைய ஸ்கிரீன் லிஸ்ட் வர்றது, இதெல்லாம் நேட்டிவ் ஸ்டாக்ல சும்மாவே கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாக்ல இதுல ஒவ்வொண்ணையும் நீங்களே உக்காந்து செய்யணும், செஞ்சாலும் அப்படியே வராது. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு ஃபோன்ல, புது ஸ்கிரீன் கனமான லிஸ்ட் ஒண்ணை ரெண்டர் பண்ற அதே நேரத்துல மாறும்போது ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாக் தடுமாறறது நல்லாவே தெரியும்.

அப்போ ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாக் எதுக்குன்னா, ஸ்கிரீன் மாறற அனிமேஷனை நீங்களே முழுசா வடிவமைக்கணும்னா அதுலதான் முடியும். நேட்டிவ் ஸ்டாக்ல ஃபேட், கீழ இருந்து ஏறி வர்றது, பக்கத்துல இருந்து வர்றதுன்னு குடுத்திருக்கற வகையில ஒண்ணை தேர்ந்தெடுக்கலாம், அவ்ளோதான். கடை ஆப், பேங்க் ஆப், ஸ்கூல் ஆப் எதுக்கும் அது தாராளமா போதும். டிசைனர் தனி அனிமேஷன்தான் வேணும்னு பிடிவாதமா நின்னா அந்த ஒரு ஸ்கிரீனுக்கு மட்டும் வேற வழி பாருங்க, முழு ஆப்பையும் ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டாக்ல போடாதீங்க. எக்ஸ்போ ரவுட்டர் எடுத்தா அதோட ஸ்டாக் நேட்டிவ் ஸ்டாக்தான், இந்த முடிவை அது உங்களுக்காக எடுத்துடுது. விக்ஸ் ஆரம்பத்துல இருந்தே முழு நேட்டிவ், அது பிரபலமானதே அதுனாலதான், அப்போ ரியாக்ட் நேவிகேஷன் கிட்ட காட்ட இந்த நேட்டிவ் ஸ்டாக் இல்ல. இன்னிக்கு இருக்கு, அதோட விக்ஸோட பெரிய பலம் போச்சு.

இப்போ ரியாக்ட் நேவிகேஷன். 2020 பிப்ரவரியில வந்த 5வது பதிப்புல ஸ்கிரீன்களை கம்போனென்ட் மாதிரியே எழுதற முறைக்கு மாத்தினாங்க, நேவிகேட்டருக்குள்ள ஸ்கிரீன் ஸ்கிரீனா அடுக்கற அந்த முறைதான் இன்னிக்கும் நிறைய ப்ராஜெக்ட்ல இருக்கு. 2024 நவம்பர்ல வந்த 7வது பதிப்புல ஸ்டாடிக் முறைன்னு ஒண்ணு சேர்த்தாங்க, மொத்த ஸ்கிரீன் அமைப்பையும் ஒரே ஆப்ஜெக்டா எழுதிடலாம், டைப்ஸ்கிரிப்ட் டைப் எல்லாம் அதுல இருந்தே எடுத்துக்கலாம், லிங்க்குக்கான பாதையை கூட ஸ்கிரீன் பேர்ல இருந்து தானா உருவாக்க சொல்லலாம். முன்னாடி ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் பாராம்ஸ் (ஸ்கிரீனுக்கு அனுப்பற தகவல்) டைப் தனியா, லிங்க் கான்ஃபிக் (எந்த லிங்க்குக்கு எந்த ஸ்கிரீன்ங்கற பட்டியல்) தனியா, ஸ்கிரீன் தனியான்னு ஒரே விஷயத்தை மூணு இடத்துல எழுதி, ஒரு இடத்துல மாத்தி இன்னொரு இடத்துல மறந்து போற தொல்லை இருந்துச்சு, அது இதுல பெருசா குறைஞ்சிடுச்சு. புதுசா ரியாக்ட் நேவிகேஷன்தான்னு முடிவு பண்ணா ஸ்டாடிக் முறையிலயே போங்க. ஸ்கிரீன் லிஸ்ட் சர்வர்ல இருந்து வருது, இல்ல ரன் ஆகும்போதுதான் என்னென்ன ஸ்கிரீன்னு தெரியும்னா மட்டும் பழைய முறை.

6ல இருந்து 7க்கு மாறறவங்க ஒண்ணை கட்டாயம் பார்க்கணும். முன்னாடி நேவிகேட்னு கூப்பிட்டா, அந்த ஸ்கிரீன் ஸ்டாக்ல ஏற்கனவே கீழ இருந்தா அதுக்கு திரும்பி போகும், 7ல அப்படி போகாது, மேல புதுசா ஒண்ணை வைக்கும். திரும்பி போகணும்னா பாப்டூன்னு தனியா கூப்பிடணும். ஆர்டர் முடிஞ்சதும் கார்ட்டுக்கு நேவிகேட் பண்ற மாதிரி கோடு இருந்தா, அப்டேட்டுக்கு அப்புறம் பேக் தட்டத் தட்ட பழைய பேமென்ட் பக்கமே திரும்பத் திரும்ப வந்து நிக்கும், எர்ரர் எதுவும் காட்டாது. அதனால அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட் முழுக்க நேவிகேட்னு தேடி ஒவ்வொண்ணா பாருங்க.

எக்ஸ்போ ரவுட்டர் பக்கம் வருவோம். 2023ல முதல் பதிப்பு வந்துச்சு, இப்போ புது எக்ஸ்போ ப்ராஜெக்ட் போட்டா டீஃபால்ட் டெம்ப்ளேட்லயே இருக்கு. இதோட அடிப்படை ரொம்ப எளிமை: ஆப்ங்கற ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல் வச்சா அது ஒரு ஸ்கிரீன், அந்த ஃபைலோட பாதையே அந்த ஸ்கிரீனோட யூஆர்எல். நெக்ஸ்ட் ஜேஎஸ்ங்கற வெப் ஃப்ரேம்வொர்க் பழகினவங்களுக்கு உடனே பிடிபடும். சேலைங்கற ஃபோல்டர்ல சதுர அடைப்புக்குறிக்குள்ள ஐடின்னு பேர் வச்ச ஒரு ஃபைல் இருந்தா, சேலை சாய்வுக்கோடு 42ன்னு எந்த லிங்க் வந்தாலும் அந்த ஸ்கிரீன் 42ங்கற ஐடியோட திறக்கும். வளைவு அடைப்புக்குறி போட்ட ஃபோல்டர் யூஆர்எல்ல வராது, டேப் தனி, லாகின் தனின்னு பிரிச்சு வைக்க மட்டும் உதவும். ஒவ்வொரு ஃபோல்டர்லயும் லேஅவுட்னு ஒரு ஃபைல், அது ஸ்டாக்கா டேபான்னு சொல்றது.

இதுல எனக்கு பிடிச்சது சுருக்கமா இருக்கறது இல்ல. ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் கட்டாயம் ஒரு முகவரி இருக்கு, அதுதான் பிடிச்சது. ரியாக்ட் நேவிகேஷன்ல லிங்க் கான்ஃபிக்கை பொதுவா கடைசியிலதான் தொடுவோம், மார்க்கெட்டிங் ஆளுங்க வந்து கேட்கும்போது, அதுக்குள்ள பாதி ஸ்கிரீன்ல பாராம்ஸா முழு ப்ராடக்ட் ஆப்ஜெக்டையே தூக்கி அனுப்பியிருப்போம். லிங்க்ல அவ்ளோ பெரிய ஆப்ஜெக்ட் எப்படி வரும்? ஐடி மட்டும்தான் வரும். அப்போ ஸ்கிரீன் ஸ்கிரீனா போய் ஐடியை வச்சு டேட்டாவை எடுக்கற மாதிரி மாத்தி எழுதணும். எக்ஸ்போ ரவுட்டர்ல முதல் நாள்ல இருந்தே யூஆர்எல்தான்றதால ஐடி மட்டும் அனுப்பற பழக்கம் தன்னாலேயே வந்துடுது. ரியாக்ட் நேவிகேஷன் எடுத்தாலும் இந்த ஒரு கட்டுப்பாட்டை நீங்களே வச்சுக்கோங்க: பாராம்ஸ்ல ஐடி, தேடின வார்த்தை, ஃபில்டர் மாதிரி சின்ன விஷயம் மட்டும். ஃபங்ஷனை பாராம்ஸ்ல அனுப்பாதீங்க, சீரியலைஸ் ஆகாதுன்னு, அதாவது எழுத்தா மாத்தி சேமிக்க முடியாதுன்னு, அது வார்னிங் குடுக்கறது சும்மா இல்ல.

எக்ஸ்போ ரவுட்டரோட கஷ்டமும் அதே இடத்துல இருந்துதான் வருது. ஃபைலை நகர்த்தினா யூஆர்எல் மாறிடும், ஏற்கனவே வாட்ஸ்ஆப்ல சுத்திட்டு இருக்கற லிங்க் எல்லாம் செத்துடும், அதனால ஃபோல்டரை ஒழுங்குபடுத்தறேன்னு யாராவது டீம்ல ஆரம்பிச்சா பழைய பாதைக்கு ஒரு ரீடைரக்ட் வச்சுட்டு பண்ண சொல்லுங்க. ஆப் ஃபோல்டருக்குள்ள சாதா கம்போனென்ட், ஹூக் ஃபைல் எதையும் வைக்காதீங்க, அதையும் ஒரு ஸ்கிரீன் பாதையா எடுத்துக்கும். எடிட்டர்ல பத்து டேப் திறந்தா பாதி ஒரே இன்டெக்ஸ், ஒரே லேஅவுட்டுங்கற பேர்ல இருக்கும், எது எதுன்னு கண்டுபிடிக்கறது எரிச்சல்தான், பழகணும். அப்புறம் ஒரே சேலை ஸ்கிரீன் முகப்பு டேப்லயும் வரணும் தேடல் டேப்லயும் வரணும், ரெண்டுலயும் அந்தந்த டேப் உள்ளேயே நிக்கணும்னா அதுக்கு ஷேர்டு ரூட்னு வழி இருக்கு, ஆனா படிச்சா உடனே புரியாது, ரியாக்ட் நேவிகேஷன்ல அதே கம்போனென்டை ரெண்டு ஸ்டாக்லயும் போட்டுட்டு போயிட்டே இருக்கலாம். உள்ள ஓடறது ரியாக்ட் நேவிகேஷன்தான்றதால பிரச்சனை வந்தா ரெண்டோட டாக்குமென்டும் படிக்க வேண்டி வரும், அதுக்கும் தயாரா இருங்க.

விக்ஸ் பத்தி சுருக்கமாவே சொல்றேன். ஒவ்வொரு ஸ்கிரீனும் அதுல தனித்தனி அடிவேர் (ரூட்) கம்போனென்ட். ஒரே காம்பவுண்டுக்குள்ள பத்து போர்ஷன் இருந்து ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கரண்ட் மீட்டர் போட்ட மாதிரி, ரெடக்ஸ், தீம், மொழி, லாகின் கான்டெக்ஸ்ட் எதுவா இருந்தாலும் ஒவ்வொரு ஸ்கிரீனையும் பதிவு பண்ணும்போது தனித்தனியா சுத்தி குடுக்கணும். ஆண்ட்ராய்டுல மெயின்ஆக்டிவிட்டியையே அவங்களோட நேவிகேஷன்ஆக்டிவிட்டியில இருந்து எடுக்கணும், வெப் கிடையாது, எக்ஸ்போ கூட ஒத்துப்போக வைக்கறதும் சிரமம். இதைவிட முக்கியமா ரியாக்ட் நேட்டிவ் 0.76ல புது ஆர்க்கிடெக்சரை (ஜாவாஸ்கிரிப்டும் நேட்டிவ் கோடும் பேசிக்கற அடிப்படை அமைப்பு) டீஃபால்ட்டா ஆக்கி, 0.82ல பழசையே நிறுத்திட்டாங்க, இப்படி அடியில பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் நேட்டிவ் கோடு அதிகமா இருக்கற லைப்ரரி பின்னாடி ஓடி வந்து சேர வேண்டியிருக்கும். விக்ஸ்ல இருக்கற ஆப்பை அப்டேட் பண்றதுக்கு முன்னாடி அவங்க ரிலீஸ் நோட்ஸ்ல உங்க ரியாக்ட் நேட்டிவ் பதிப்பு இருக்கான்னு பார்த்துட்டு கை வைங்க.

சரி, வெளியில இருந்து வர்ற லிங்க்குக்கு திரும்ப வரேன், ஏன்னா எந்த லைப்ரரி எடுத்தாலும் இதுல பாதி வேலை லைப்ரரிக்கு வெளியிலதான் இருக்கு. உங்க ஆப் பேர்ல சொந்தமா ஒரு ஸ்கீம் (லிங்க்ல எச்டிடிபிஎஸ் இடத்துல வர்ற சொந்த முன்பேர்) வச்சு லிங்க் பண்ணலாம், ஆனா வாட்ஸ்ஆப்ல அது தட்டற மாதிரி லிங்க்காவே வராது, வேற ஆப்பும் அதே ஸ்கீமை உரிமை கொண்டாடலாம். அதனால உங்க வெப்சைட் முகவரியையே லிங்க்கா பயன்படுத்துங்க. ஐபோனுக்கு வெல்நோன் ஃபோல்டர்ல ஆப்பிள் கேட்கற ஃபைல், ஆண்ட்ராய்டுக்கு அசெட்லிங்க்ஸ் ஃபைல், ரெண்டும் எச்டிடிபிஎஸ்ல, ரீடைரக்ட் இல்லாம திறக்கணும். ஆண்ட்ராய்டு ஃபைல்ல ஆப் கையெழுத்தோட எஸ்ஹெச்ஏ 256 கைரேகை போடணும், இங்கதான் ரொம்ப பேர் மாட்டறாங்க: ப்ளே ஸ்டோர் ஆப் சைனிங் இருந்தா உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற அப்லோடு கீயோட கைரேகை போதாது, ப்ளே கன்சோல்ல காட்டற சைனிங் கீயோடதை போடணும். இல்லேன்னா உங்க கையில இருக்கற பில்டுல லிங்க் அருமையா வேலை செய்யும், ஸ்டோர்ல இருந்து இறக்கினவங்களுக்கு பிரவுசர்தான் திறக்கும். ஆண்ட்ராய்டு 12ல இருந்து சரிபார்க்காத லிங்க் நேரா பிரவுசருக்குத்தான் போகும். ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் வச்சு ஒப்பேத்திட்டு இருந்தவங்களுக்கும் இனி அது இல்ல, 2025 ஆகஸ்ட் 25ஓட மூடிட்டாங்க.

அந்த பேக் பிரச்சனை. ரியாக்ட் நேவிகேஷன்ல லிங்க் கான்ஃபிக்ல இனிஷியல் ரூட் நேம்னு ஒண்ணு குடுத்தா, லிங்க் எந்த ஸ்கிரீனை திறந்தாலும் அடியில முகப்பை வச்சுட்டு மேல இதை வைக்கும். எக்ஸ்போ ரவுட்டர்லயும் லேஅவுட் ஃபைல்ல அதே அமைப்பு இருக்கு. ரெண்டுலயும் தானா வராது, நீங்க சொல்லணும். நோட்டிஃபிகேஷன்ல இன்னொரு சிக்கல்: ஆப் முழுசா மூடியிருக்கும்போது நோட்டிஃபிகேஷனை தட்டினா, நேவிகேஷன் தயாராகறதுக்கு முன்னாடியே உங்க கோடு நேவிகேட் பண்ண பார்க்கும், ரெண்டு லைப்ரரியும் இன்னும் மவுண்ட் ஆகலன்னு, அதாவது ஸ்கிரீன் இன்னும் ஏறலன்னு, கத்தும். ரியாக்ட் நேவிகேஷன்ல இதுக்கு ஒழுங்கான இடம் இருக்கு, லிங்க் கான்ஃபிக்குள்ளேயே முதல் யூஆர்எல்லை எடுக்கற ஃபங்ஷனையும் அப்புறம் வர்றதை கேட்கற ஃபங்ஷனையும் நாமளே எழுதி நோட்டிஃபிகேஷனையும் அது வழியா விட்டுடலாம், அப்போ அது இன்னொரு லிங்க் மாதிரியே நடக்கும். இந்த ஒரு இடத்துல ரியாக்ட் நேவிகேஷன் எனக்கு எக்ஸ்போ ரவுட்டரை விட தெளிவா படுது. எக்ஸ்போவுல வர்ற லிங்க்கை மாத்தி எழுத நேட்டிவ் இன்டென்ட்னு தனி ஃபைல் இருக்கு, நோட்டிஃபிகேஷனை எல்லாத்துக்கும் மேல இருக்கற ரூட் லேஅவுட்ல கவனிச்சு நாமளே தள்ளி விடணும்.

லாகின் விஷயத்துல ரெண்டும் இப்போ ஒரே அளவுக்கு வந்தாச்சு. லாகின் ஆகாதவங்களுக்கு உள்ள ஸ்கிரீனே இருக்கக் கூடாது, ஆனதும் லாகின் ஸ்கிரீன் இருக்கக் கூடாது, அதுதான் சரியான முறை. லாகின் முடிஞ்சதும் முகப்புக்கு நேவிகேட் பண்றது தப்பு, பேக் தட்டினா திரும்ப ஓடிபி பக்கம் வந்து நிக்கும். ரியாக்ட் நேவிகேஷன்ல ஸ்கிரீனுக்கு நிபந்தனை வைக்கலாம், எக்ஸ்போவுல 2025ல வந்த எஸ்டிகே 53ங்கற பதிப்புல இருந்து ப்ரொடெக்டட்னு சுத்தி வைக்கலாம். லிங்க் வழியா வந்தவங்க லாகின் ஆகலேன்னா, வந்த லிங்க்கை எங்கயாவது வச்சுட்டு லாகினுக்கு அப்புறம் அங்க கொண்டு போய் விடறது உங்க பொறுப்பு.

டேப் பட்டி பத்தி: ஐபோன்ல ஐஓஎஸ் 26க்கு அப்புறம் அந்த கண்ணாடி மாதிரி டேப் வேணும்னு கேட்கறாங்க, எக்ஸ்போ எஸ்டிகே 54ல நேட்டிவ் டேப் வந்திருக்கு, ஆனா இம்போர்ட் பண்ற பேர்லயே அன்ஸ்டேபிள்னு போட்டுத்தான் குடுத்தாங்க. பயன்படுத்தற பதிப்புல அந்த பேர் இன்னும் இருந்தா, கஸ்டமர் காசு குடுக்கற ஆப்ல நான் அவசரப்பட மாட்டேன்.

எது எடுத்தாலும் புதுசா வர்றவங்களை குழப்பற ஒண்ணு இருக்கு. மேல புது ஸ்கிரீன் வந்தா கீழ இருக்கறது அழியாது, மவுண்ட் ஆனபடியே இருக்கும். திரும்பி வந்தா, ஸ்கிரீன் ஏறும்போது ஓடற யூஸ்எஃபெக்ட் மறுபடி ஓடாது, கார்ட் எண்ணிக்கை பழசாவே நிக்கும். அதுக்கு யூஸ்ஃபோகஸ்எஃபெக்ட் இருக்கு, ரெண்டு லைப்ரரியிலயும் அதே பேர். வெப்ல இருந்து வர்றவங்க எக்ஸ்போ ரவுட்டரை பக்கம் பக்கமா மாறற வெப்சைட்னு நினைச்சுக்கறாங்க, அடியில இருக்கறது ஸ்டாக்தான்.

அப்போ ஜவுளிக்கடை ஆப்புக்கு எதுன்னா எக்ஸ்போ ரவுட்டர், சந்தேகமே இல்ல. லிங்க்தான் அந்த ஆப்போட உயிர், வெப்லயும் அதே பாதை கிடைக்கும். ஒரு பெரிய நிறுவனத்தோட ஊழியர் ஆப், மேனேஜருக்கு ஒரு மாதிரி டெலிவரி பையனுக்கு ஒரு மாதிரி ஸ்கிரீன், சர்வர்தான் என்ன காட்டணும்னு சொல்லுது, வெளி லிங்க் எதுவுமே வராதுன்னா ரியாக்ட் நேவிகேஷன். ஏற்கனவே கோட்லின், ஸ்விஃப்ட்ல எழுதின ஆப்புக்குள்ள நாலு ஸ்கிரீன் மட்டும் ரியாக்ட் நேட்டிவ்ல வருதுன்னாலும் ரியாக்ட் நேவிகேஷன்தான், அந்த நாலை மட்டும் ஒரு சின்ன ஸ்டாக்ல வச்சுட்டு மத்ததை நேட்டிவ் பக்கமே விடுங்க. ரெண்டு வருஷமா ரியாக்ட் நேவிகேஷன்ல நல்லா ஓடற ஆப்பை எக்ஸ்போ ரவுட்டருக்கு மாத்தலாமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்வேன், 7க்கு வந்து லிங்க் கான்ஃபிக்கை ஒழுங்கா எழுதினாலே கிடைக்க வேண்டியது பெரும்பாலும் கிடைச்சிடும்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு ஆப்ஷன்லயும் மூணே ஸ்கிரீன்ல ஒரு சின்ன ஆப் போட்டு 3 ஜிபி ராம் இருக்கற ஆண்ட்ராய்டு ஃபோன்ல பாருங்க, எமுலேட்டர்ல இல்ல. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல பேக்கிரவுண்ட் ப்ராசஸ் எதுவும் வேண்டாம்னு வச்சுட்டு, பேமென்ட் பக்கத்துல இருந்து யூபிஐ ஆப்புக்கு போய் பணம் கட்டிட்டு திரும்பி வாங்க. நிஜ ஃபோன்ல மெமரி பத்தாதப்போ ஆண்ட்ராய்டு உங்க ஆப்பை கொன்னுடும், திரும்பி வரும்போது ஆப் முதல்ல இருந்து ஆரம்பிச்சு முகப்புல நிக்கும், பணம் கட்டினவங்க கட்டினது போச்சோன்னு பதறிப் போவாங்க. ரெண்டு லைப்ரரியும் இதை தானா சரி பண்ணாது. ரியாக்ட் நேவிகேஷன்ல நேவிகேஷன் ஸ்டேட்டை சேமிச்சு திரும்ப ஏத்தலாம், எக்ஸ்போவுல போன கடைசி பாதையை சேமிச்சு வச்சு அங்க கொண்டு போகலாம், ஆனா பேமென்டுக்கு மட்டும் ரெண்டையும் நம்பாம, யூபிஐ ஆப்புக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே ஆர்டர் ஐடியை ஃபோன்ல எழுதி வச்சுட்டு, ஆப் திறந்ததும் முடியாத ஆர்டர் இருக்கான்னு பார்த்து சர்வர்ல நிலவரம் கேட்டு நேரா ஆர்டர் பக்கத்துக்கே கொண்டு போங்க.